முதல் பைக்கும் முதல் லைசென்ஸும்: செட்டிநாட்டுப் பக்கம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு

எங்கள் பக்கம் வழக்கம் தலைகீழ். பிளஸ் டூ முடிந்ததும் வண்டி வந்துவிடும், லைசென்ஸ் வருவதற்கு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகும். வெளிநாட்டில் இருக்கும் அப்பாவோ சித்தப்பாவோ பணம் அனுப்புவார், பையன் நண்பர்களோடு ஷோரூமுக்குப் போவான், ஒரு மணி நேரத்தில் முன்பணம் கட்டியாகிவிடும். என் அக்கா மகனுக்குப் பதினெட்டு முடிந்தபோதும் அப்படித்தான் நடக்க இருந்தது. சிங்கப்பூரிலிருந்து அத்தான் "எது வேணுமோ எடுத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டார், அவன் கே.டி.எம். டியூக் 200 என்று முடிவு செய்துவிட்டான். அதுவரை அவன் கியர் வண்டி ஓட்டியதே இல்லை. வீட்டில் இருந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கடைக்குப் போய்வந்ததோடு சரி.

அக்கா என்னிடம் சொல்லி வருத்தப்பட்டபோது நான் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன். முதலில் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடு, அதற்கப்புறம் சட்டப்படி எப்படியும் 30 நாள் காத்திருக்க வேண்டும், அந்த 30 நாளும் ஏதாவது ஒரு பழைய கியர் வண்டியில் பழகு, அதற்குப் பிறகும் டியூக்தான் வேண்டும் என்றால் நானே கூட வருகிறேன். அவன் கடைசியில் என்ன வாங்கினான் என்பது பின்னால் வரும். முதல் வண்டி வாங்கப்போகிற எல்லோருக்கும் நான் சொல்வது இதே வரிசையைத்தான்: எல்.எல்.ஆர்., பழக்கம், வண்டி முடிவு, லைசென்ஸ், அப்புறம் பணம் கட்டுவது. ஒரு மாதம் ஓட்டிய பிறகு உங்கள் காலும் கையும் சொல்லும் வண்டி வேறாக இருக்கும்.

முதலில் எல்.எல்.ஆர்.

கியர் வண்டிக்கு வயது 18 முடிந்திருக்க வேண்டும். 16 வயதுக்கு லைசென்ஸ் உண்டே என்று சிலர் கேட்பார்கள். அது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். எக்ஸ்.எல். 100 கூட அதில் வராது, அது கிட்டத்தட்ட 100 சி.சி. ஊருக்குள்தானே என்று பதினாறு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுக்கிற அப்பா அம்மாக்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவுப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கூடக் கிடைக்காது. இரண்டு வருஷம் பொறுக்காததற்கு ஏழு வருஷம் போய்விடும்.

விண்ணப்பம் எல்லாம் இப்போது மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தின் சாரதி பக்கத்தில்தான். ஆதார் வழியாக உறுதிசெய்தால் வீட்டிலிருந்தே எல்.எல்.ஆர். தேர்வை எழுதிவிடலாம், அதற்கு முன் சாலைப் பாதுகாப்பு வீடியோவைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆதாரில் இருக்கும் செல்போன் எண் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், நிறையப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்பாவின் வெளிநாட்டு எண்ணைக் கொடுத்து வைத்திருப்பார்கள், ஓ.டி.பி. அங்கே போய்விடும். கணினியில் செய்யத் தெரியாவிட்டால் இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். தேர்வில் அறுபது சதவீதம் சரியாக எழுதினால் போதும். சாலைக் குறியீடுகளை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தால் யாரும் தேறிவிடலாம். ஆனால் அதை மனப்பாடமாகப் பார்க்காமல் அர்த்தத்தோடு பாருங்கள், நாளைக்கு சாலையில் நிற்கப்போவது அதே பலகைகள்தான்.

கட்டணம் பெரிய தொகை இல்லை. மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு 150 ரூபாய், அந்தத் தேர்வுக்கு 50, பிறகு ஓட்டும் தேர்வுக்கு 300, லைசென்ஸ் அட்டைக்கு 200. சேவைக் கட்டணம் தனி. இதற்கு மேல் யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கு என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஓட்டப் பழக்குவதற்கான கூலி என்றால் நியாயம். தேர்வில் ஓட்டாமலே வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார், அந்த மாதிரி லைசென்ஸ் உங்கள் கையில் இருப்பதும் இல்லாததும் ஒன்று, உயிர் போகிற இடத்தில் அது உதவாது.

விண்ணப்பத்தில் வண்டி வகை கேட்கும். இங்கேதான் பெண்பிள்ளைகள் பலர் "நான் ஸ்கூட்டி மட்டும்தானே ஓட்டப்போகிறேன்" என்று கியர் இல்லாத வகையைத் தேர்ந்தெடுத்து விடுகிறார்கள். முடிந்தால் கியர் உள்ள வகையையே போடுங்கள். அதை வைத்து ஸ்கூட்டரும் ஓட்டலாம், பைக்கும் ஓட்டலாம். கியர் இல்லாத லைசென்ஸை வைத்துக்கொண்டு தம்பியின் ஸ்பிளெண்டரை அவசரத்துக்கு எடுத்தீர்கள் என்றால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு, அபராதம் 5,000 ரூபாய், விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கும். கொஞ்ச நாள் கூடுதலாகப் பழகினால் போதும், வாழ்நாளுக்கும் பயன்படும்.

செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது, அதையும் மறக்க வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம், வண்டி எண் டி.என். 63 வரிசை. திருமயம், ராயவரம், பொன்னமராவதிப் பக்கம் புதுக்கோட்டை, அங்கே டி.என். 55. ஆதாரில் இருக்கும் முகவரி இப்போது குடியிருக்கும் முகவரிதானா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஏனென்றால் 2024 முதல் தமிழ்நாட்டில் லைசென்ஸ் அட்டையைக் கையில் தருவதில்லை, விரைவுத் தபாலில்தான் வருகிறது. ஆதாரில் பூட்டிக்கிடக்கும் பூர்வீக வீட்டு முகவரி, ஆள் இருப்பது காரைக்குடி செக்காலை ரோட்டில் வாடகை வீட்டில் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? கவர் திரும்பிப் போய்விடும்.

அந்த 30 நாள்

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் முடிந்த பிறகு ஓட்டும் தேர்வுக்கு நாள் குறிக்கலாம். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டும் வண்டியில் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' பலகை இருக்க வேண்டும், கூடப் பழக்குகிறவர் லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும், அவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. இது சும்மா காகிதத்துக்கு இல்லை. இந்த விதியைப் பின்பற்றினால்தான் எல்.எல்.ஆர். காலத்தில் இன்சூரன்ஸ் செல்லும் என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது.

பழகுவதற்கு எங்கள் ஊர் மாதிரி வசதி எங்கும் கிடையாது. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பொட்டல் இருக்கும், காலை ஆறு மணிக்கு ஆடு மாடு கூட இருக்காது. முதல் வாரம் முழுக்க ஒரே வேலைதான்: கிளட்ச். வண்டியை நிறுத்தி, முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெதுவாக விடுங்கள். ஓரிடத்தில் வண்டி லேசாக முன்னால் இழுக்கும், என்ஜின் சத்தம் கொஞ்சம் தாழும். அந்த இடம் உங்கள் விரலுக்குப் பழகிவிட்டால் பாதி ஓட்டம் வந்துவிட்டது. அக்கா மகன் முதல் நாள் பதினைந்து இருபது தடவை வண்டியை அணைத்தான், மூன்றாம் நாள் ஒரு தடவை கூட இல்லை. நடக்கிற வேகத்தில், பக்கத்தில் நான் நடந்துவர, அவன் கால் ஊன்றாமல் நூறு அடி வந்த அன்றைக்குத்தான் இரண்டாம் கியருக்குப் போனோம். வேகமாக ஓட்டுவது எளிது, மெதுவாக ஓட்டத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் எட்டு. தேர்வில் எட்டுப் போடச் சொல்வார்கள், கால் தரையில் பட்டால் தேர்வு போச்சு. நாங்கள் இரண்டு செங்கல்லைப் பன்னிரண்டு தப்படி இடைவெளியில் வைத்துத் தொடங்கினோம், ஒவ்வொரு நாளும் ஒரு தப்படி குறைத்தோம். அவன் திரும்பத் திரும்பச் செங்கல்லிலேயே போய் முட்டினான். காரணம் அவன் கண் செங்கல் மேல் இருந்தது. பார்வை போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும், இது எட்டுக்கு மட்டும் இல்லை, சாலைக் குழிக்கும் குறுக்கே வரும் மாட்டுக்கும் இதே கதைதான். செங்கல்லைப் பார்க்காதே, அதைத் தாண்டி அடுத்த வளைவில் நீ எங்கே இருக்க வேண்டுமோ அங்கே பார், தாடையைத் தூக்கித் தோளுக்கு மேல் திருப்பு என்று சொன்னேன். இன்னொன்று, ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்கிக் கொண்டிருக்காமல் ஒரே அளவில் பிடித்து, வேகத்தைப் பின் பிரேக்கை லேசாக அழுத்திக் கட்டுப்படுத்த வேண்டும். முன் பிரேக் எட்டில் வேண்டாம், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சாய்ந்துவிடும்.

இதைச் சொன்னதும் ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் பாதிப்பேர் முன் பிரேக்கைத் தொடவே மாட்டார்கள். "முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிரும்" என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். வண்டி வேகம் குறையும்போது கனம் முழுக்க முன்னால் சாயும், பின்சக்கரம் தரையை விட்டு லேசாகும், அதனால் பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குமே தவிர வண்டி நிற்காது. நிறுத்துகிற பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. தூக்கி அடிப்பது திடீரென்று இறுக்கிப் பிடிப்பதால், அல்லது வளைவில் பிடிப்பதால், அல்லது செம்மண் சரளையில் பிடிப்பதால். பொட்டலை ஒட்டிய தார்ச்சாலையில், ஆள் இல்லாத நேரம், ஒரு கோடு போட்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கைப் பழம் பிழிவது போலப் படிப்படியாக இறுக்கி நிறுத்திப் பழகுங்கள். பிறகு 30, பிறகு 40. எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று தப்படி போட்டு அளந்து பாருங்கள். பின் பிரேக் மட்டும் பிடித்து ஒரு தடவை, இரண்டும் பிடித்து ஒரு தடவை அளந்து பார்த்த அன்றைக்கு அக்கா மகன் முகம் மாறியதை நான் பார்த்தேன். வண்டி வாங்குவதற்கு முன் செய்த எல்லாவற்றிலும் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

எந்த வண்டி

ஒரு மாதம் ஓட்டிய பிறகு கடைக்குப் போங்கள். நண்பர்களை அழைத்துப் போகாதீர்கள், உங்களோடு பின்னால் உட்காரப்போகிறவர்களை அழைத்துப் போங்கள். அக்கா மகன் தன் அப்பத்தாவை அழைத்து வந்தான். எழுபது வயது, ஒரு பக்கமாகத்தான் உட்காருவார்கள். டியூக்கின் பின் இருக்கையைப் பார்த்துவிட்டு "இதுல நான் எங்கப்பா உக்கார்றது?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்கள். பின்சக்கரத்தை மறைக்கும் சேலைத் தடுப்பு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால்வைக்கும் படி இதெல்லாம் விதிப்படியே இருக்க வேண்டியவை. அழகு கெடுகிறது என்று கழற்றச் சொல்லாதீர்கள். சேலைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க விரும்பவில்லை.

அடுத்து உயரமும் கனமும். வண்டியில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகப் பதிகிறதா, குதிகாலோடு? முதல் வண்டிக்கு இது எனக்கு முதல் கேள்வி. ஸ்பிளெண்டர் பிளஸ்ஸின் இருக்கை உயரம் 785 மில்லிமீட்டர், கனம் 112 கிலோ. ஹோண்டா ஷைன் 100 நூறு கிலோவுக்கு ஒரு கிலோ குறைவு. டி.வி.எஸ். ரைடர் 780 மில்லிமீட்டர், 123 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்றால் 805 மில்லிமீட்டர், 195 கிலோ. ஹன்டர் 350 அதைவிடத் தாழ்வு, 790, ஆனால் அதுவும் 181 கிலோ. டியூக் 200-இன் இருக்கை 820-க்குப் பக்கத்தில். அக்கா மகன் ஐந்தடி நாலு அங்குலம், டியூக்கில் அவனுக்குக் கால்விரல்தான் எட்டியது. ஓடும்போது கனம் தெரியாது. சந்தை நாளில் கூட்டத்துக்குள் நின்று நின்று போகும்போது, வீட்டு வாசல் சரிவில் பின்னால் தள்ளும்போது, கீழே விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்கும்போது தெரியும். கடையிலேயே வண்டியை ஸ்டாண்டு எடுத்துப் பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள், அதற்கு யாரும் காசு கேட்கப்போவதில்லை.

பலம் எவ்வளவு வேண்டும்? காரைக்குடியிலிருந்து குன்றக்குடி பத்துக் கிலோமீட்டர், தேவகோட்டை பதினெட்டு இருபது. அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வர 100 சி.சி. தாராளம். அடிக்கடி இரண்டு பேராக மதுரைக்கோ திருச்சிக்கோ போவீர்கள் என்றால், ஒரு பக்கமே 90 கிலோமீட்டர் சுற்றி வரும், லாரியை முந்த வேண்டியிருக்கும், 125 வசதி. 150-க்கு மேல் இரண்டாவது வண்டியாக இருக்கட்டும் என்பது என் எண்ணம். டியூக் 200-இல் 25 குதிரைத்திறன், ஸ்பிளெண்டரில் எட்டு. புதுக் கைக்கு ஆக்சிலேட்டர் கொஞ்சம் தவறித் திரும்பினால் எட்டு மன்னிக்கும், இருபத்தைந்து மன்னிக்காது. இதற்கு எதிராக நியாயமான வாதம் ஒன்று உண்டு: 125 சி.சி.க்கு மேல் உள்ள வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல், பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம், அதற்குக் கீழே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் சி.பி.எஸ். இருந்தால் போதும் என்றுதான் அந்த விதி வந்தது. ஏ.பி.எஸ். உண்மையிலேயே உயிர்காக்கும் பொருள். அதனால் 125 சி.சி. எடுத்தால் கொஞ்சம் பணம் கூடக் கொடுத்தாவது முன்பக்கம் டிஸ்க் பிரேக் உள்ளதை எடுங்கள், இரண்டாம் வருஷம் ஏ.பி.எஸ். உள்ள 150, 160-க்கு மாறுவது நல்ல வழி.

டயர் டியூப்லெஸ்ஸாக இருக்கட்டும். எங்கள் பக்கம் சீமைக்கருவேல முள் இல்லாத சாலையோரம் கிடையாது. டியூப் உள்ள டயர் முள் ஏறினால் சட்டென்று இறங்கி வண்டியை ஆட்டிவிடும், டியூப்லெஸ் மெதுவாகத்தான் இறங்கும், முள்ளைப் பிடுங்காமலே பஞ்சர் கடை வரை போய்விடலாம். ராட்டினம் மாதிரி கம்பிச் சக்கரம் அழகுதான், அதில் பெரும்பாலும் டியூப்தான் வரும்.

மின்சார ஸ்கூட்டரைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். காரைக்குடியில் சிக்ரி மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு பேட்டரியை நான் விளக்க வேண்டியதில்லை. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல வண்டிதான், வீட்டில் நிழலில் சார்ஜ் போட இடம் இருந்தால். லைசென்ஸ் வேண்டாம் என்று சொல்லி விற்பது 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வகைக்கு மட்டுமே பொருந்தும். மற்ற எல்லா மின்சார ஸ்கூட்டருக்கும் லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு.

பழைய வண்டி எடுப்பதென்றால்

முதல் வண்டி ஒரு தடவையாவது கீழே விழும், அதனால் பழையது எடுப்பதை நான் குறையாகவே நினைக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக்கு என்றே ஒரு வகைப் பழைய வண்டி உண்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள், பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வந்தால் ஓட்ட என்று ஒரு வண்டி முகப்பில் போர்த்தி வைத்திருப்பார்கள். ஏழு வருஷம், ஆறாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும், "ஓடவே இல்லைங்க" என்பார்கள். ஓடாத வண்டிதான் கெடும். டாங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துரு இருக்கிறதா பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2218 என்றால் 2018-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம் செய்தது. பூ இன்னும் தேயாமல் புதுசு மாதிரி இருந்தாலும் ஐந்தாறு வருஷம் ஆன ரப்பர் கல்லாகியிருக்கும், மழையில் பிடிக்காது. இரண்டு டயர், பேட்டரி, செயின், பிரேக் கட்டை எல்லாம் மாற்றும் செலவைக் கணக்குப் போட்டு விலையில் குறைத்துக் கேளுங்கள்.

எந்தப் பழைய வண்டியைப் பார்க்கப் போனாலும், வருவதாகச் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போங்கள். போனதும் முதல் வேலையாக என்ஜின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த என்ஜின் கிளம்புவதில் ஏதோ மறைக்க இருக்கலாம். காத்திருந்து ஆறிய பிறகு கிளப்பச் சொல்லுங்கள். சைலன்சரிலிருந்து நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. நடு ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள், நடுவில் ஒரு இடத்தில் சிக்கி நின்றால் கோன்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) போயிருக்கிறது. ஒரு மெக்கானிக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து அழைத்துப் போவது இதற்கெல்லாம் சுலபம், ஆனால் விற்கிறவர் சொல்கிற மெக்கானிக்காக இருக்கக் கூடாது.

காகிதம் இன்னும் முக்கியம். ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், உள்ள என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் நேரில் ஒப்பிடுங்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் கடன் நிற்கிறதா, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்பது தெரியும், இ-சலான் அபராதப் பாக்கியையும் இணையத்தில் பார்த்துவிடலாம். கடன் முடிந்திருந்தால் கூட ஆர்.சி.யில் அந்தப் பெயரை நீக்க படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. உரிமையாளர் இறந்துவிட்டார், மகன்கள்தான் விற்கிறார்கள் என்றால் முதலில் அவர்கள் படிவம் 31 வழியாகத் தங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே வாங்குங்கள். "29, 30-இல் கையெழுத்து வாங்கி வச்சுக்கங்க, பிறகு மாத்திக்கலாம்" என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். நான் ஒரு தடவை அப்படி ஒத்துக்கொண்டு, விற்றவர் வெளிநாடு போய், பெயர் மாற்ற ஒன்றரை வருஷம் அலைந்திருக்கிறேன். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிட வேண்டும், 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்றச் சொல்ல வேண்டும்.

புதுசுக்குப் பணம் கட்டும்போது

ஷோரூம் விலை வேறு, சாலைக்கு வரும் விலை வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்தி. அதன் மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி, ஒரு லட்சம் வரையுள்ள வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. அடுத்து இன்சூரன்ஸ். புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கானது) ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2022-இல் வந்த விகிதப்படி 75 முதல் 150 சி.சி. வரை 3,851 ரூபாய், 150-க்கு மேல் 350 வரை 7,365 ரூபாய், வரி தனி. பெரிய வண்டி எடுக்கும்போது இந்த வித்தியாசத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாலிஷ், கோட்டிங், கிட் என்று பட்டியலில் என்னென்னவோ சேர்ந்திருக்கும், ஒவ்வொரு வரியாகக் கேட்டு வேண்டாததை அடிக்கச் சொல்லுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு விஷயம் எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. இன்சூரன்ஸோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வண்டி உரிமையாளருக்கு மட்டும், அதுவும் அவரிடம் லைசென்ஸ் இருந்தால்தான். அப்பா பெயரில் வண்டி, அப்பா சிங்கப்பூரில், ஓட்டுவது மகன் என்றால் மகனுக்கு அது கிடையாது. அதனால் ஓட்டப்போகிறவர் பெயரிலேயே வண்டியை எடுங்கள், லைசென்ஸ் வந்த பிறகு எடுங்கள். கடன் காரணமாக அப்பா பெயரில்தான் எடுக்க வேண்டும் என்றால் ஓட்டுகிறவருக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுத்துக்கொடுங்கள்.

ஹெல்மெட்டைத் தள்ளுபடிப் பொருளாகப் பார்க்க வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது, முகம் முழுதும் மூடுவது, போட்டுத் தலையை ஆட்டினால் தனியாக ஆடாதது, அவ்வளவுதான். சித்திரை வெயிலில் முழு ஹெல்மெட் வேகும் என்பது உண்மை, காற்றுத்துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று. தாடைப்பட்டையை மாட்டாத ஹெல்மெட் விழுகிறபோது முதலில் கழன்று போகும். காலில் செருப்பு வேண்டாம், ஷூ.

தேர்வு நாளும் எங்கள் சாலையும்

தேர்வுக்கு நீங்கள் பழகிய அதே வண்டியில் போங்கள், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் நடப்பில் இருக்க வேண்டும். ஹெல்மெட்டோடு போங்கள். எட்டு முடித்து இறங்கும்போது கை சமிக்ஞை கேட்கலாம். தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. தேறிவிட்டால், முப்பது வயதுக்குள் எடுக்கும் லைசென்ஸ் நாற்பது வயது வரை செல்லும். டிஜிலாக்கரில் சேர்த்துவிட்டால் செல்போனில் காட்டினாலும் போதும்.

தேர்வில் சொல்லித்தராத சில விஷயங்கள் எங்கள் சாலைக்கு உண்டு. நாட்டுக்கோட்டையார் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும், மதில் தெருமுனை வரை வந்து நிற்கும். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தெருக்கள் நேர்கோடு, ஆள் நடமாட்டம் குறைவு, முறுக்கத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு முனையிலும் குறுக்கே வருகிறவர் மதிலைத் தாண்டும் வரை உங்களுக்குத் தெரியமாட்டார். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டாம் கியர், ஹாரன், இரண்டு பக்கமும் பார்வை. குன்றக்குடிப் பக்கம் விடியற்காலையில் மயில் குறுக்கே பறக்கும். தாழப் பறப்பதால் நெஞ்சுக்கு நேராக வரும், ஒன்று போனால் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அறுவடை நாளில் கண்மாய்க்கரைச் சாலையில் நெல் காயப் போட்டிருப்பார்கள், அதன் மேல் பிரேக் பிடிக்கவே பிடிக்காதீர்கள், முன்னாலேயே வேகத்தைக் குறைத்து நேராகக் கடந்துவிடுங்கள். தைப்பூசத்துக்கு முன் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகப் பழனிக்கு நடப்பவர்கள் இரவிலும் விடியற்காலையிலும் சாலையோரம் ஆயிரக்கணக்கில் போவார்கள். அந்த நாட்களில் புது ஓட்டுநர்கள் இருட்டில் அந்தச் சாலையில் போகாமலே இருங்கள்.

அக்கா மகன் கடைசியில் டிஸ்க் பிரேக் உள்ள 125 சி.சி. வண்டி எடுத்தான். டியூக் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, பொட்டலில் பிரேக் தூரத்தை அளந்த பிறகு அவனாகத்தான் மாறினான். வண்டி வந்த அன்று வழக்கம்போலப் பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டோம். நீங்களும் போவீர்கள் என்றால் இரண்டு விஷயம். சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியதும் புது டயரின் மழமழப்பில் அது நன்றாக வழுக்கும், இன்னொருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள மெதுவாக நேராக ஏற்றுங்கள். ஹேண்டிலில் போட்ட மாலையை அங்கேயே கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அவனுடையதை நாங்கள் கழற்றாமல் வந்து, கோயில் வளைவைத் தாண்டுவதற்குள் நார் கிளட்ச் கேபிளில் சுற்றி வண்டி நின்றுவிட்டது.